அச்சுப்பொறி கிடைக்கவில்லை

விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
உலான்பாத்தரில், வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பணிமனை முற்றத்தில் பதினாறு டிராலி பேருந்துகள்
கொம்புகளைத் தாழ்த்திக்கொண்டு நிற்கின்றன.
எது எந்தத் தடத்துக்கு, யார் ஓட்டுவது
என்று சொல்லவேண்டிய செயலி
திறக்கிறது, ஒரு கணம் வெளுக்கிறது,
ஒரு வார்த்தை பேசாமல் மூடிக்கொள்கிறது.

ஐந்தாம் தடவையும் அப்படித்தான்.

அதைச் செய்து விற்றவன் நோவசிபிர்ஸ்கில் இருக்கிறான்.
போர்வைக்குள்ளிருந்து கேட்டான்:
"லாக் ஃபைல் என்ன சொல்கிறது?"
அப்படி ஒன்று பேசும் என்பதே
எனக்கு அப்போதுதான் தெரியும்.
"அது எங்கே இருக்கும்?"
"வழக்கமான இடத்தில்தான், ஒயூன்கெரெல்."
வைத்துவிட்டான்.

வழக்கமான இடம்.
சாவியை வழக்கமான இடத்தில் வைத்திருக்கிறேன்
என்று சொன்ன யாரும்
தேவைப்பட்ட நேரத்தில் ஊரில் இருந்ததில்லை.

தேடினேன்.
செயலி குடியிருக்கும் கோப்புறையில்
படங்கள், உரிம ஒப்பந்தம், பதின்மூன்று மொழிகளில் நன்றி.
ஆவணங்களில் இல்லை.
டெஸ்க்டாப்பில், இரவுப்பணிக்காரர் யாரோ
பாதியில் விட்டுப்போன சுடோக்கு.
வாசலில் கொம்போசுரென் வந்து நின்றான்,
மீசையில் பனி.
"வண்டியை எடுக்கவா, வேண்டாமா?"
"பொறு."
உப்பிட்ட பால் தேநீரை என் பக்கம் தள்ளிவிட்டு
பொறுத்தான்.

மறைந்திருப்பவற்றைக் காட்டு
என்ற சின்னக் கட்டத்தில் ஒரு டிக்.
வெளிறிய மஞ்சளில் எழுந்து வந்தன,
இத்தனை நாளும் என் பெயருக்கு அடியிலேயே
குடித்தனம் நடத்திய கோப்புறைகள்.
ஆப்டேட்டா. அதற்குள் ரோமிங்.
அதற்குள் செயலியின் பெயர். அதற்குள் லாக்ஸ்.
ஒரே ஒரு கோப்பு.
பதினோரு ஜிபி.

நோட்பேட் பார்த்ததுமே கையை விரித்தது.
கறுப்புச் சாளரத்தைத் திறந்து
கடைசி நூறு வரி மட்டும் கொடு என்று தட்டினேன்,
விரல்நுனி வெட்டிய கையுறையோடு.

04:52:15 அச்சுப்பொறி கிடைக்கவில்லை.
முப்பது வரி விளக்கம்.
04:52:30 அச்சுப்பொறி கிடைக்கவில்லை.
அதே முப்பது வரி.
04:52:45 அச்சுப்பொறி கிடைக்கவில்லை.
வட்டில் இடமில்லை.

முதல் வரியைக் கேட்டேன்.
இரண்டு வருடத்துக்கு முன்பு, நவம்பர் பத்தொன்பது,
காலை 9:41.

எனக்கு நினைவிருக்கிறது.
நானும் கொம்போசுரெனும்தான் தூக்கினோம்.
கதவு நிலையில் இடித்து அவன் கட்டைவிரல் நசுங்கியது.
இரண்டே நாள், திருப்பித் தந்துவிடுகிறேன் என்றார் மேலாளர்.
நாங்கள் பட்டியலைத் திரையில் பார்த்து
பலகையில் எழுதப் பழகிவிட்டோம்.
செயலிக்கு யாரும் சொல்லவில்லை.

அது கத்தவில்லை.
சிவப்புப் பெட்டி எதையும் காட்டவில்லை.
பதினைந்து விநாடிக்கு ஒருமுறை தேடிப் பார்த்து
இல்லை என்று எழுதிவைத்தது.
எங்கள் விடுமுறைகளில், வெள்ளை மாதப் புத்தாண்டில்,
மின்சாரம் போய் வந்த மறுநிமிடத்தில்.
எழுதி எழுதி
எழுதியதே இடத்தை அடைத்து
நகர முடியாமல் நின்றுவிட்டது.

நிரந்தரமாக அழிக்கவா?
முதல் வரியை மட்டும்
டிக்கெட் சுருளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
ஆம், அழி.

செயலி திறந்தது.
ஐந்தாம் தடம், கொம்போசுரென்.
வெளியே கொம்பு கம்பியைத் தொட்டதும்
நீலமாய் ஒரு பொறி,
பனியெல்லாம் ஒரு கணம் தெரிந்தது.

மறுபடி அந்தக் கோப்புறைக்குள் போனேன்.
புதுக் கோப்பு, நான்கு கேபி.
அச்சுப்பொறி கிடைக்கவில்லை.

தேநீரைக் குடித்துவிட்டு
இரண்டாம் மாடிக்கு ஏறினேன்.
மேலாளர் அறை பூட்டியிருந்தது.
அவர் தார்ஹானுக்குப் போயிருக்கிறார்,
காவலாளி சொன்னான்,
சாவி வழக்கமான இடத்தில்.